பழைய காரும் பவர் ஸ்டியரிங் பெட்டியும்

நாட்டு வரலாறும் இலக்கிய வரலாறும் கோயில் வரலாறும் நம்போன்ற சங்கங்களின் மலர்களில் ஆண்டுதோறும் இடம் பெறுகின்றன. தொழிற்கருவிகளின் வரலாறோ அவற்றுள் அருகியே காணப்படும். ஆனேக்கல் வட்டத்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பலவற்றிற்குத் தொழிற்கூடமே சோறிடும் தாய். பொம்மசந்திரா, ஜிகணி, அத்திபெலே ஆகிய தொழிற்பேட்டைகள் இவ்வட்டத்திலேயே அமைந்துள்ளன; அத்திபெலே எல்லையைக் கடந்தால் ஓசூர். ஆதலின் இரும்பும் எண்ணெயும் பற்றிய ஒரு வரலாற்றை இம்மலரில் எழுதுவது பொருத்தமற்றதாகாது என்று கருதுகிறேன்.

எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. கப்பலுக்குச் சுக்கான் எவ்வாறோ அவ்வாறே காருக்கு ஸ்டியரிங். பழைய பெரிய கார்களில் ஸ்டியரிங் தண்டின் கீழ்முனையில் ஓர் இரும்புப் பெட்டி உண்டு. ஓட்டுபவரின் கைவலிமையோடு எண்ணெயின் அழுத்தத்தையும் சேர்த்து முன்சக்கரங்களைத் திருப்புவது அப்பெட்டியே. அது முதுமையடைந்தால் அடியில் எண்ணெய் சொட்டத் தொடங்கும். சிலர் அதைப் பொருட்படுத்தாது மேலும் மேலும் எண்ணெய் ஊற்றி ஓட்டுவர். வேறு சிலர் ஆயில் சீலை மட்டும் மாற்றுவர். இரண்டு திங்களில் மீண்டும் சொட்டக் கண்டு, பெட்டியையே கழற்றி எடைக்குப் போட்டுவிடுவர். இவ்விரண்டும் தகாதன. கசிவு ஏன் நேர்ந்தது என்று கேட்டறிந்த பின்னரே அதற்கு மருந்து செய்தல் வேண்டும். அக்கேள்விக்குரிய விடை அப்பெட்டி பிறந்து வளர்ந்த வரலாற்றிலேயே அடங்கியுள்ளது.

அச்சும் எண்ணெயும்

அசைகின்ற உறுப்பில் எண்ணெயை நிறுத்தி வைப்பது எப்படி என்பது மிகப் பழைய சிக்கல். நம் ஊர்களில் மாட்டு வண்டியின் அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து மை இட்டனர். எண்ணெய் மட்டும் இட்டால் வழிந்துவிடும். கரி சேர்ந்தால் அச்சிலேயே தங்கும். கவலை இறைத்த நாளில் நீரை ஏந்தியது தோல். கொல்லன் உலையில் காற்றைக் காத்த துருத்தியும் தோல். சைக்கிள் பம்பினுள் இருந்த வாஷரும் தோலே. எண்ணெய் ஊறிய தோல் விரிந்து நின்று காற்றையும் நீரையும் தடுக்கும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

மோட்டார் வண்டி தோன்றியபோது இச்சிக்கல் பன்மடங்காயிற்று. வண்டி கனத்தது; அதனைத் திருப்பும் வேலையும் கனத்தது. 1920களில் காற்றழுத்தம் குறைந்த அகன்ற டயர்கள் வந்தன. அவை குலுக்கலைக் குறைத்தன. ஆனால் தரையை நன்றாகப் பற்றிக்கொண்டதால், நின்ற வண்டியின் சக்கரத்தைத் திருப்ப இரு கைகளின் வலிமையும் போதாத நிலை ஏற்பட்டது. ஓட்டுபவருக்கு எந்திரத்தின் துணை வேண்டும் என்ற எண்ணம் அதற்கு முன்பே தோன்றியிருந்தது. 1900ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தவரான இராபர்ட் டிவைஃபோர்டு என்பவர் அத்தகைய அமைப்பு ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். எனினும் எண்ணெயின் அழுத்தத்தால் ஸ்டியரிங்கைத் திருப்பும் முறையை நடைமுறைக்கு ஏற்றதாக ஆக்கியவர் பிரான்சிஸ் டேவிஸ் என்னும் பொறியாளர்.

டேவிஸ் கண்ட வழி

பியர்ஸ் ஆரோ என்னும் நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பொறியாளராக இருந்தவர் டேவிஸ். கனமான லாரிகளைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டை நாள்தோறும் கண்டவர். 1920களின் தொடக்கத்தில் அவ்வேலையை விட்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்தம் நகரில் சிறு பட்டறை ஒன்றை அமைத்துக்கொண்டு, ஜார்ஜ் ஜெசப் என்னும் கருவித் தொழிலாளியின் துணையுடன் ஆராய்ச்சியில் இறங்கினார்.

எண்ணெயை எந்நேரமும் உயர்ந்த அழுத்தத்தில் அடைத்து வைத்திருந்தால் அது கசிவதற்கு எந்நேரமும் வழி தேடும். டேவிஸ் இதனைத் தலைகீழாக மாற்றினார். அவர் அமைத்த வால்வு இயல்பாகத் திறந்தே இருக்கும். பம்ப் தள்ளும் எண்ணெய் தடையின்றிச் சுற்றி மீண்டும் தொட்டிக்கே வந்து சேரும். ஓட்டுபவர் சக்கரத்தைத் திருப்பும்போது மட்டும் வால்வு ஒரு பக்கம் அடைபடும். அப்போதுதான் அழுத்தம் எழும். வாய்க்காலில் நீரை ஓடவிட்டு, வேண்டும்போது மடையை அடைத்து வயலுக்குப் பாய்ச்சும் உழவரின் செயலோடு இதனை ஒப்பிடலாம்.

1926இல் பியர்ஸ் ஆரோ கார் ஒன்றில் தம் கருவியைப் பொருத்தி, டெட்ராய்ட் நகருக்குச் சென்று ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர்களுக்கு ஓட்டிக் காட்டினார் டேவிஸ். ஒப்பந்தமும் ஏற்பட்டது. ஆனால் 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சி குறுக்கிட்டது. செலவு மிகும் எனக் கருதிய அந்நிறுவனம் 1934இல் ஒப்பந்தத்தைக் கைவிட்டது. பின்னர் இரண்டாம் உலகப் போரில் கவச வண்டிகளுக்கு இக்கருவி பயன்பட்டது. பொதுமக்கள் வாங்கும் காரில் இதனை முதன்முதலில் அளித்தது கிரைஸ்லர் நிறுவனம். ஆண்டு 1951, கார் இம்பீரியல். காலங்கடந்துவிட்ட டேவிஸின் காப்புரிமைகளே அதற்கு அடிப்படை. அடுத்த ஆண்டிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் கார்களிலும் பவர் ஸ்டியரிங் வந்தது. கண்டவருக்கும் உலகுக்கும் இடையே இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன.

தோலிலிருந்து ரப்பருக்கு

அழுத்தத்தை எழுப்புவது ஒரு கலை. எழுந்த அழுத்தத்தைப் பெட்டிக்குள்ளேயே காப்பது மற்றொரு கலை. காரின் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 30 பவுண்டு. பவர் ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பும்போது எண்ணெயின் அழுத்தம் 1,000 பவுண்டையும் கடந்துவிடும். சுழலும் தண்டு பெட்டியை விட்டு வெளிவரும் இடத்தில் இவ்வெண்ணெயைத் தடுத்து நிறுத்துவது விரலளவு அகலமும் இல்லாத ஒரு வளையமே. அதன் கதையும் கேட்கத்தக்கது.

1929இல் வால்தர் சிம்மர் என்னும் ஆஸ்திரியப் பொறியாளர், சுழலும் தண்டைச் சுற்றி இறுக்கமாகத் தழுவி நிற்கும் வளையம் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் தோல் பதனிடும் தொழில் நடத்திய ஃபிராய்டன்பர்க் நிறுவனம், பொருளாதார வீழ்ச்சியால் தோல் வாணிகம் நலிந்த வேளையில், இத்தகைய வளையங்களைத் தோலால் செய்யத் தொடங்கியது. 1936இல் தோலின் இடத்தைச் செயற்கை ரப்பர் பிடித்தது. எண்ணெயில் ஊறியும் கரையாத நைட்ரைல் ரப்பரை ஜெர்மானிய வேதியியலார் 1930களில் கண்டமையே இதற்கு வழி வகுத்தது. இன்று நாம் ஆயில் சீல் என்று கூறுவது இம்மரபில் வந்ததே. தண்டைத் தழுவும் மெல்லிய உதடும், அவ்வுதட்டைப் பின்னின்று இறுக்கும் வட்டச் சுருள்கம்பியும் அதன் உயிர்நிலைகள்.

மூடிகளின் இணைப்பில் கசிவைத் தடுக்கும் ஓ-ரிங்கோ வேறொருவரின் கொடை. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்பவர் எழுபது வயதைக் கடந்த பின் அதற்கு விண்ணப்பித்து, 1939இல் காப்புரிமை பெற்றார். பிறந்த நாட்டை விட்டு வந்து வாழும் நமக்கு அவர் வரலாறு தனிப்பட்ட முறையில் ஊக்கமளிக்கும்.

நம் நாட்டிற்கு வந்த வகை

இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடரும் ஃபியட்டும் தொடக்கத்தில் கைவலிமையால் மட்டுமே திரும்பின. பவர் ஸ்டியரிங் அமைந்தவை பெரும்பாலும் அயல்நாட்டிலிருந்து வந்த பெரிய கார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் கார்களைப் பூட்டி விற்றுவந்தது. உள்நாட்டிலேயே படிப்படியாகத் தயாரிக்க முன்வருவோர்க்கே இனி இடம் என்று 1953இல் அரசு கொள்கை வகுத்தது. மறு ஆண்டே அந்நிறுவனம் பம்பாய்ப் பணியை நிறுத்திக்கொண்டது. அதன்பின் புதிய அமெரிக்கக் கார்களின் வரவு அரிதாயிற்று. அயல்நாட்டுத் தூதரகங்கள் பயன்படுத்தி முடித்த கார்கள் அரசு வணிகக் கழகத்தின் வழியே விற்கப்பட்டன. அவ்வாறு வந்தவை பல கைகள் மாறின.

கார் வந்தது, உதிரிச் சாமான் வரவில்லை. இங்கேதான் நம் நாட்டு மெக்கானிக்குகளின் திறமை வெளிப்பட்டது. சென்னைப் புதுப்பேட்டையிலும், பெங்களூர் ஜே.சி. ரோட்டிலும், சிவாஜிநகரின் பழைய சாமான் கடைகளிலும் அலைந்து, அளவு பொருந்தும் லாரிச் சீலைத் தேடி எடுத்துக் காருக்குப் பொருத்தினர். தேய்ந்த தண்டைக் கடைசல் பட்டறையில் கொடுத்துச் சீர் செய்தனர். நூல் கற்றல்ல, கைப்பழக்கத்தால் வளர்ந்த கல்வி அது.

உள்நாட்டுத் தொழிலும் மெல்ல வளர்ந்தது. 1929இல் சென்னையில் வாணிக நிறுவனமாகத் தொடங்கிய ரானே, பின்னர் ஸ்டியரிங் உறுப்புகளைத் தயாரிக்கும் தொழிலில் இறங்கியது. 1987இல் பவர் ஸ்டியரிங்குக்கென்றே அமெரிக்க நிறுவனமான டி.ஆர்.டபிள்யூ.வுடன் கூட்டுத்தொழில் ஏற்படுத்தியது. அது பின்னாளில் இசட்.எஃப். ரானே எனப் பெயர் பெற்றது. 1948இல் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காகத் தோன்றி, 1955இல் அசோக் லேலண்ட் ஆன நிறுவனம், கனரக வண்டிகளுக்குப் பவர் ஸ்டியரிங் அளித்த முன்னோடிகளுள் ஒன்று. 1980இல் அதன் தொழிற்சாலை ஓசூரில் எழுந்தது. நம் எல்லைக்கு அருகிலேயே இத்தொழிலறிவு வேரூன்றிய வகை இது.

1995 முதல் புனேயில் தயாரான மெர்சிடிஸ் டபிள்யூ 124 காரிலும் இத்தகைய பெட்டியே உண்டு. அன்று புதிதாயிருந்த அக்கார்களும் இன்று முப்பது வயதை எட்டிவிட்டன.

கசிவின் காரணம் காணல்

பெட்டியின் உள்ளமைப்பைச் சுருங்கக் கூறுவோம். ஸ்டியரிங் தண்டின் முனையில் புரியுள்ள திருகு ஒன்று சுழலும். அதன்மேல் எஃகுக் குண்டுகள் உருள, ஒரு பெரிய நட்டு மேலும் கீழும் நகரும். அந்நட்டே பிஸ்டனாகவும் அமைந்து எண்ணெயால் தள்ளப்படும். அதன் பற்கள் செக்டர் ஷாஃப்ட் என்னும் குறுக்குத் தண்டைத் திருப்பும். அத்தண்டின் வெளிமுனையில் பூட்டிய டிராப் ஆர்ம் சக்கரங்களை இழுக்கும். ஆகவே கசிவுக்குரிய வாயில்கள் நான்கு: மேலே ஸ்டியரிங் தண்டு நுழையும் இடம், கீழே செக்டர் ஷாஃப்ட் வெளிவரும் இடம், மூடிகளின் இணைப்பு, குழாய்களின் இணைப்பு.

எண்ணெய் கீழ்நோக்கி வழியும் இயல்பினது. ஆதலின் சொட்டும் இடமே கசியும் இடம் என்று முடிவு செய்தல் கூடாது. பெட்டியை முழுவதும் கழுவித் துடைத்து உலர்த்த வேண்டும். பின்னர் எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் சக்கரத்தை இருபுறமும் திருப்ப, மற்றொருவர் விளக்குடன் மேலிருந்து கீழாக நோக்க வேண்டும். பெட்டியின்மேல் பழி சுமத்தப்பட்ட பல கசிவுகள் மேலிருக்கும் ரப்பர்க் குழாயின் குற்றமாக முடிவதுண்டு.

செக்டர் ஷாஃப்டின் கீழ்ச் சீலே கசிகிறது என்று தெளிந்தால், அடுத்த கேள்வி: அச்சீல் ஏன் கெட்டது? வெப்பத்தாலும் வயதாலும் ரப்பர் இறுகியிருக்கலாம். அதற்குப் புதுச் சீல் போதும். தூசி மூடி கிழிந்து, மழைநீரும் மண்ணும் புகுந்து, தண்டில் துருக்குழிகள் விழுந்திருக்கலாம். அந்நிலையில் புதுச் சீலின் மெல்லிய உதடும் சில வாரங்களில் அரத்தில் தேய்த்தாற்போல் அறுபடும். தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்து தண்டு பக்கவாட்டில் ஆடலாம். ஆடும் தண்டை எந்தச் சீலாலும் தழுவி நிற்க இயலாது. தொட்டிக்குத் திரும்பும் குழாய் அடைபட்டு, உள்ளே அழுத்தம் தேங்கியிருத்தலும் உண்டு. பிரேக் எண்ணெயைத் தவறுதலாக ஊற்றினால் நைட்ரைல் ரப்பர் உப்பி உருக்குலையும். நோய் ஒன்றாகத் தோன்றினும் காரணம் ஐந்து, மருந்தும் ஐந்து.

பழுது நீக்கும் முறை

டிராப் ஆர்மைக் கழற்றுமுன் அதற்கும் தண்டுக்கும் நேர்க்கோடாக ஓர் அடையாளம் இடுதல் வேண்டும். இன்றேல் மீண்டும் பூட்டும்போது சக்கரம் கோணும். அதனைப் புல்லர் கொண்டே இழுத்தல் வேண்டும். சுத்தியால் அடித்தால் அவ்வடி உள்ளே சென்று குண்டுகளையும் பற்களையும் காயப்படுத்தும். தண்டில் சிறு கீறல் இருப்பின், மிக நுண்ணிய உப்புத்தாளால் சுற்றளவின் வழியே மெருகிடலாம். நீளவாக்கில் தேய்த்தால் எண்ணெய்க்கு நாமே வாய்க்கால் வெட்டியவராவோம். குழி ஆழமாயின் மெல்லிய எஃகு உறை ஏற்றலாம். அல்லது குரோமியம் பூசிச் சாணை பிடித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். இடம் இருக்குமாயின் புதுச் சீலைச் சற்று முன்னோ பின்னோ அமர்த்தி, உதடு தேயாத பகுதியைத் தொடுமாறும் செய்யலாம். ஆடும் பேரிங்கை மாற்றாமல் சீலை மாற்றுவது வீண்.

சீலை ஏற்றும்போது தண்டின் பற்களின்மேல் மெல்லிய டேப் சுற்றி, எண்ணெய் தடவி, உதடு கிழியாமல் நகர்த்துதல் வேண்டும். மேல்மூடியில் உள்ள திருகை இறுக்கினால் ஸ்டியரிங்கின் தளர்வு குறையும் என எண்ணிப் பலர் அதனை அளவுகடந்து முடுக்குவர். அவ்வாறு செய்தால் வளைவு கடந்த பின் சக்கரம் தானே நேர்நிலைக்குத் திரும்பாது; பற்களும் விரைவில் தேயும். தயாரித்தவர் குறித்த அளவே அளவு.

எல்லாம் பூட்டிய பின் அந்தப் பெட்டிக்குரிய எண்ணெயை ஊற்றி, முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, எஞ்சினை ஓட்டாமலே இருபுறமும் மெல்லப் பலமுறை திருப்பினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறும். எண்ணெய் நுரைத்தால் காற்று எஞ்சியிருக்கிறது என்று பொருள். ஓட்டும்போதும் சக்கரத்தைக் கடைசி வரை திருப்பிச் சில நொடிகளுக்கு மேல் பிடித்து வைத்தலாகாது. பம்பின் முழு அழுத்தமும் அப்போதே எழுகின்றது. கசிவை நிறுத்தும் என்று புட்டியில் விற்கும் திரவங்கள் இறுகிய ரப்பரைச் சிறிது உப்பச் செய்யும். அது தற்காலிக ஆறுதலேயன்றித் துருவையும் தேய்மானத்தையும் நீக்காது.

இவற்றையெல்லாம் வீட்டு வாசலில் வைத்துச் செய்துவிடலாம் என்று கூற வரவில்லை. ஸ்டியரிங் உயிரோடு தொடர்புடைய உறுப்பு. எண்ணெய் வற்றினால் திருப்பத்தின் நடுவே சக்கரம் கனக்கும்; சூடான புகைக்குழாயில் சொட்டினால் தீப்பற்றவும் கூடும். தேர்ந்த கையிடம் ஒப்படைப்பதே முறை. ஆனால் அக்கை காரணம் கேட்கும் கைதானா என்று அறிந்துகொள்ளும் அளவு அறிவு, கார் உடையவர்க்கு வேண்டும்.

காக்கத் தக்கது யாது?

1988இல் ஜப்பானின் சுசுகி செர்வோ என்னும் சிறு காரில் எண்ணெய்க்குப் பதிலாக மின்மோட்டார் ஸ்டியரிங்குக்குத் துணை நின்றது. இன்று நம் நாட்டில் விற்கும் சிறு கார்களில் அம்முறையே பெருவழக்கு. அதில் எண்ணெயும் இல்லை, கசிவும் இல்லை. நன்மையே. ஆயினும் பழைய பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருவதும் அதன் விளைவே. மாணவன் இல்லாத ஆசிரியரைப்போல் அம்மெக்கானிக்குகள் ஓய்வு பெறுகின்றனர்.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வாகனங்களைத் தொன்மை வாகனங்களாகப் பதிவு செய்ய 2021இல் இந்திய அரசு தனி விதி வகுத்தது. மூல வடிவம் மாறாது காக்கப்பட்டிருத்தல் அதற்கு வேண்டிய தகுதிகளுள் ஒன்று. அதாவது, கசியும் பெட்டியை எறிந்துவிட்டு வேறொன்றைப் பூட்டுவது எளிது. அந்தப் பெட்டியையே மீட்பதுதான் வரலாற்றைக் காத்தலாகும். பழைய வார்ப்பிரும்புப் பெட்டிகள் பலவற்றை இன்று வார்ப்பார் இல்லை. காரணம் அறியாத கையால் ஒரு பெட்டி உடைந்தால் உலகில் ஒன்று குறைந்தது என்பதே கணக்கு.

நம் குடியிருப்புகளில் வளரும் பிள்ளைகள் கணினி கற்கின்றனர், கற்கட்டும். விடுமுறை நாளில் ஒருமுறையேனும் பட்டறைக்குச் சென்று, முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் தேய்ந்த தண்டின்மேல் நகத்தை ஓட்டிக் குழியைக் காணும் நுட்பத்தையும் அவர்கள் கண்டு வரட்டும். கண்ணுக்குத் தெரியாததை அந்நகம் அறியும். டேவிஸ் முதல் அந்த மெக்கானிக் வரை வந்த அறிவு இது. பெட்டியிலிருந்து எண்ணெய் கசிந்தால் சீல் கொண்டு தடுக்கலாம்; தலைமுறையிலிருந்து தொழிலறிவு கசிந்தால் அதனைத் தடுப்பதற்குக் கற்பிப்பாரும் கற்பாருமே வேண்டும். அத்தகையோர் நம்மிடையே பெருகுவாராக!